கைநழுவும் வீட்டுக்கு ஒரு காப்பீடு

லண்டன் புறநகர்த் தெருக்களில் நடந்தால், வீட்டு வாசல்களில் எஸ்டேட் ஏஜென்ட்டுகள் நட்டுவைத்த கம்பமும் பலகையும் கண்ணில் படும். ‘விற்பனைக்கு’ என்றிருந்த பலகையின் மேல் ஒரு நாள் ‘விற்றாயிற்று’ என்று புதுப் பட்டை ஏறும். கிட்டப் போய்ப் பார்த்தால் அதன் கீழே சின்ன எழுத்தில் ஒரு வால் இருக்கும்: ‘ஒப்பந்தத்துக்கு உட்பட்டு’. வீடு பிடித்துப்போய், விலை பேசி, விற்பவரும் சரி என்று சொல்லி, திரைச்சீலை என்ன நிறத்தில் வாங்கலாம் என்று பேச ஆரம்பித்துவிட்ட குடும்பத்துக்கு அந்த வீட்டின் மேல் சட்டப்படி ஒரு செங்கல் அளவு உரிமைகூட இல்லை என்பதுதான் அந்த வாலின் பொருள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாய்ப்பேச்சில் வீடு கைமாறாது. நிலம் பற்றிய ஒப்பந்தத்துக்கு எழுத்துச் சான்று வேண்டும் என்ற விதி 1677ஆம் ஆண்டு மோசடித் தடுப்புச் சட்டத்திலேயே வந்துவிட்டது. 1989இல் வந்த சட்டம் அதை இன்னும் இறுக்கியது. எல்லா நிபந்தனைகளும் எழுத்தில் இருக்க வேண்டும், இரு தரப்பும் கையெழுத்திட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் ஒப்பந்தமே இல்லை. இரு தரப்பு வழக்கறிஞர்களும் கையெழுத்தான பிரதிகளை மாற்றிக்கொள்ளும் நாளை அங்கே ‘எக்ஸ்சேஞ்ச்’ என்கிறார்கள். அன்றுதான் வாங்குபவர் வழக்கமாக விலையில் பத்து சதவீதத்தை டெபாசிட்டாகக் கட்டுவார். அதற்கு முந்தைய நிமிடம் வரை யார் வேண்டுமானாலும், எந்தக் காரணமும் சொல்லாமல், ஒரு பைசா இழப்பீடு தராமல் விலகிக்கொள்ளலாம்.

விலை படிந்ததும் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டுவிடும் நம் ஊர்க்காரர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். இங்கே அக்ரிமென்ட் போட்ட பிறகு விற்பவர் பின்வாங்கினால், ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லி நீதிமன்றம் போகலாம். வழக்கு எத்தனை வருடம் இழுக்கும் என்பது வேறு கதை. அங்கேயோ, விலை பேசிய நாளுக்கும் எக்ஸ்சேஞ்ச் நாளுக்கும் நடுவே பல மாதங்கள் வெறும் நம்பிக்கையில் ஓடுகின்றன. பேச ஆரம்பித்ததிலிருந்து சாவி கைக்கு வர நான்கைந்து மாதம் ஆவது சாதாரணம். விலை ஒத்துக்கொள்ளப்பட்ட பேரங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று முறிந்துபோகிறது என்பது பிரிட்டன் அரசே சொல்லும் கணக்கு.

பேரம் முறிந்தால் மனவருத்தத்தோடு முடிவதில்லை. அதற்குள் கைக்காசு கரைந்திருக்கும். முதலில் சர்வே. இது நிலம் அளக்கும் வேலை அல்ல. கூரை ஒழுகுகிறதா, சுவரில் ஈரம் ஏறுகிறதா, அஸ்திவாரம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்து ஒரு நிபுணர் எழுதித் தரும் அறிக்கை. சாதாரண வீட்டுக்கே சில நூறு பவுண்டு ஆகும். பழைய வீடு என்றால் ஆயிரத்தைத் தாண்டும். அடுத்தது ‘சர்ச்’. நம் ஊர் வில்லங்கச் சான்றுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். பக்கத்துக் காலி மனையில் என்ன கட்ட அனுமதி கொடுத்திருக்கிறார்கள், சாக்கடைக் குழாய் எங்கே ஓடுகிறது, வெள்ளம் வருமா, நிலக்கரிப் பகுதியாக இருந்தால் வீட்டுக்கு அடியில் பழைய சுரங்கம் இருக்கிறதா என்றெல்லாம் உள்ளூராட்சியிடமும் மற்ற அமைப்புகளிடமும் காசு கட்டிக் கேட்டு வாங்குவது. அப்புறம் வங்கியின் மதிப்பீட்டுக் கட்டணம், கடன் ஏற்பாட்டுக் கட்டணம், சொலிசிட்டர் எனப்படும் வழக்கறிஞர் அதுவரை பார்த்த வேலைக்கான கூலி. இவை எதுவும் திரும்ப வராது. சர்வேயர் தன் வேலையைச் செய்துவிட்டார். வீடு கிடைக்கவில்லை என்பது அவர் பிரச்சினை அல்ல.

இந்தக் கரைந்த காசுக்குத்தான் ‘ஹோம் பையர்ஸ் புரொடெக்‌ஷன் இன்சூரன்ஸ்’ என்றொரு சிறு பாலிசி அங்கே விற்கப்படுகிறது. ஒரே ஒருமுறை கட்டும் பிரீமியம், பெரும்பாலும் 100 பவுண்டுக்குள். பேரம் முறிந்தால் சர்வே, சட்டச் செலவு, கடன் கட்டணம் ஆகியவற்றை ஒவ்வொன்றுக்கும் ஓர் உச்சவரம்பு வைத்துத் திருப்பித் தரும். வீட்டை மீட்டுத் தராது. அடுத்த வீடு அதைவிட இருபதாயிரம் பவுண்டு கூடுதலாக இருந்தால் அந்த வித்தியாசத்தையும் தராது. வாங்குகிறவர்கள் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

பேரம் முறிவதற்கான காரணங்களில் பெயர் பெற்றது ‘கஸம்பிங்’. ஒருவரிடம் விலைக்குச் சம்மதித்த பிறகு, இன்னொருவர் கூடுதலாகத் தருகிறேன் என்று வந்ததும் முதல் ஆளைக் கழற்றிவிடுவது. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வீட்டு விலை தாறுமாறாக ஏறியபோது இது ஊர்ப் பிரச்சினையாகி, சட்ட ஆணையம் வரை போனது. ‘ஒப்பந்தத்துக்கு உட்பட்டு’ என்ற முறையை ஆராய்ந்த ஆணையம் 1975இல் அறிக்கை தந்தது. சட்டத்தை மாற்ற வேண்டாம் என்பது அதன் முடிவு. சர்வேயும் சர்ச்சும் முடியும் வரை கைகட்டப்படாமல் இருப்பது வாங்குபவருக்கும் பாதுகாப்புத்தானே என்ற வாதம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. விலை விழும் காலத்தில் இதே சுதந்திரத்தை வாங்குபவர்கள் பயன்படுத்துகிறார்கள். எக்ஸ்சேஞ்சுக்கு முந்தின நாள் வந்து, ‘பத்தாயிரம் குறைத்தால்தான் கையெழுத்து’ என்று மிரட்டுவதற்கு ‘கஸண்டரிங்’ என்று பெயர்.

கஸம்பிங்கைச் சட்டத்தால் தொடவே முடியாதா? ஒரு சிறு வழி உண்டு. 1993இல் முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு ஒன்றில், ஒரு வீட்டுக்கு இருவர் மாறி மாறி விலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தன்னை இப்படிப் பந்தாடுவதில் சலித்துப்போன ஒருவர் விற்கும் நிறுவனத்திடம் ஓர் உறுதி வாங்கினார். அவர் சொன்ன விலை 2 லட்சம் பவுண்டு. வரைவு ஒப்பந்தம் கைக்கு வந்த இரண்டு வாரத்துக்குள் அவர் எக்ஸ்சேஞ்சுக்குத் தயாரானால், அதுவரை வேறு யார் விலையையும் பரிசீலிப்பதில்லை என்று நிறுவனம் ஒத்துக்கொண்டது. பிறகு வழக்கம்போல மற்றவருக்கே கூடுதல் விலைக்கு விற்றுவிட்டது. நீதிமன்றம் சொன்னது: இது வீட்டை விற்கும் ஒப்பந்தம் அல்ல, குறிப்பிட்ட காலத்துக்கு வேறு யாரிடமும் பேசமாட்டேன் என்ற ஒப்பந்தம்; ஆகவே செல்லும், நிறுவனம் நஷ்டஈடு தர வேண்டும். ‘லாக்-அவுட்’ ஒப்பந்தம் என்று இன்றும் சொலிசிட்டர்கள் எழுதித் தருவது இந்தத் தீர்ப்பின் பலத்தில்தான். இதைக் கேட்டு வாங்கும் பழக்கம் சாதாரண வீடு வாங்குபவர்களிடம் அதிகம் பரவவில்லை என்பது வருத்தத்துக்குரியது. இரண்டு வாரத்துக்கேனும் விற்பவரின் கையைக் கட்டிப்போடும் காகிதம், நூறு பவுண்டு பாலிசியைவிடப் பல சமயங்களில் மேலானது.

கஸம்பிங் பத்திரிகைத் தலைப்புக்கு நல்லது. ஆனால் சத்தமில்லாமல் பேரத்தைக் கொல்வது ‘செயின்’. முதல் வீடு வாங்கும் இளம் தம்பதி ஒரு ஃபிளாட்டை வாங்குகிறார்கள். ஃபிளாட்டை விற்பவர் அந்தப் பணத்தில் மூன்று படுக்கையறை வீடு வாங்குகிறார். அதை விற்கும் முதியவர் கடலோரத்தில் சின்ன வீடு பார்த்திருக்கிறார். ஒருவர் பணம் இன்னொருவர் கைக்குப் போனால்தான் அவர் நகர முடியும். நடுவில் ஒருவருக்கு வேலை போனாலும், விவாகரத்து ஆனாலும், மனம் மாறினாலும் மேலேயும் கீழேயும் எல்லாரும் நிற்பார்கள்.

இந்தச் செயினை ஒரே நாளில் பிணைக்கும் காட்சி பார்க்க வேண்டியது. பிரதிகளை மாற்றிக்கொள்வது என்றாலும் யாரும் யாரையும் நேரில் சந்திப்பதில்லை, எல்லாம் தொலைபேசியில். தொலைபேசி வழியே எக்ஸ்சேஞ்ச் செய்தால் செல்லும் என்று 1980இல் முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, சொலிசிட்டர்களின் சங்கமான லா சொசைட்டி அதற்கென ஏ, பி, சி என்று மூன்று வாய்பாடுகள் வகுத்தது. சாதாரண பேரத்துக்கு ‘பி’. அவரவர் கட்சிக்காரர் கையெழுத்திட்ட பிரதியை அவரவர் மேசையில் வைத்துக்கொண்டு விலை, டெபாசிட், வீடு ஒப்படைக்கும் தேதி ஆகியவற்றை உரக்கப் படித்துச் சரிபார்ப்பார்கள். ‘சரி, எக்ஸ்சேஞ்ச்’ என்றதும் மணி எத்தனை என்று கோப்பில் குறித்துக்கொள்வார்கள். செயினுக்கு ‘சி’. கீழே இருக்கும் வாங்குபவரின் சொலிசிட்டர், ‘இன்று இத்தனை மணிக்குள் திரும்ப அழைத்தால் எக்ஸ்சேஞ்ச் செய்கிறேன்’ என்று வாக்குக் கொடுப்பார். அந்த வாக்கை வைத்துக்கொண்டு அடுத்தவர் மேலே இருப்பவரை அழைப்பார். உச்சிக்குப் போன அழைப்பு நல்ல பதிலோடு படிப்படியாகக் கீழே இறங்கி வர வேண்டும். இடையில் ஒரு சொலிசிட்டர் சாப்பிடப் போய்விட்டாலும் கெடு தாண்டிவிடும், மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெட்டி கட்டிவைத்துவிட்டு அந்த அழைப்புக்காகக் காத்திருக்கும் குடும்பங்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் சில முறிவுகளுக்கு வாங்குபவரும் காரணமில்லை, விற்பவரும் காரணமில்லை. 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் எரிந்து 72 பேர் இறந்தார்கள். கட்டடத்தின் வெளிப்பூச்சுத் தகடுகள்தான் தீயைப் பரப்பின என்று தெரிந்ததும், அடுக்குமாடிகளுக்குக் கடன் தர வங்கிகள் தயங்கின. வெளிச்சுவர் பாதுகாப்பானது என்று காட்ட 2019 டிசம்பரில் ஈ.டபிள்யூ.எஸ்.1 என்ற படிவம் வந்தது. அதை நிரப்பித் தரத் தகுதியான பொறியாளர்கள் கிடைக்காமல் பேரங்கள் மாதக்கணக்கில் தொங்கின. சில ஃபிளாட்டுகளின் மதிப்பை வங்கி மதிப்பீட்டாளர்கள் பூஜ்யம் என்றே எழுதினார்கள். 2022 செப்டம்பர் 23 அன்று அப்போதைய அரசு வெளியிட்ட வரிக்குறைப்பு அறிவிப்பால் கடன் சந்தை கலங்கியபோது, வங்கிகள் நூற்றுக்கணக்கான வீட்டுக்கடன் திட்டங்களை ஓரிரு நாட்களில் திரும்பப் பெற்றன. கொள்கை அளவில் சம்மதம் மட்டும் வாங்கி, முறையான கடன் கடிதம் கைக்கு வராமல் இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

இவற்றில் எதற்குப் பாலிசி பணம் தரும்?

விற்பவர் விலகினாலோ வேறொருவருக்கு விற்றாலோ தரும். கடன் கொடுப்பவர் மறுத்தால் பொதுவாகத் தரும். சர்வேயில் வீட்டின் மதிப்பு பேசிய விலையைவிடக் குறிப்பிட்ட அளவு, பெரும்பாலும் பத்து சதவீதம், குறைவாக வந்து அதனால் வாங்குபவர் விலகினால் தரும். சர்ச்சில் பெரிய சிக்கல் ஏதாவது வெளிவந்தாலும் பல பாலிசிகள் தரும். வாங்குபவரே மனம் மாறினால் கிடையாது. இந்த ‘மனம் மாறுவது’ என்ற சொல்லின் எல்லை அகலமானது. வட்டி ஏறிவிட்டது, மாதத் தவணை கட்டுபடியாகாது என்று 2022இல் ஒருவர் தானாக விலகியிருந்தால், அது அவர் பார்வையில் வேறு வழியில்லாத நிலை. காப்பீட்டு நிறுவனத்தின் பார்வையில் மனமாற்றம். வங்கி கடனை மறுத்துத் தந்த கடிதம் கையில் இருந்தால் ஒரு கதை, இல்லையென்றால் இன்னொரு கதை. பாலிசி எடுக்கும்போதே தெரிந்திருந்த பிரச்சினைக்கும் பணம் வராது. ஏலத்தில் எடுக்கும் வீடு இதில் சேராது. வாடகைக்கு விடுவதற்காக வாங்கும் வீட்டைச் சில நிறுவனங்கள் ஏற்பதில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சர்வேக்கு 500, சர்ச்சுக்கு 350, சொலிசிட்டரின் பாதி வேலைக்கு 600, வங்கி மதிப்பீட்டுக்கு 250 என்று ஒருவர் செலவழித்த நிலையில் பேரம் முறிந்தது என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 1,700 பவுண்டு. பிரீமியம் 75 பவுண்டு, ஒவ்வொரு செலவும் உச்சவரம்புக்குள் அடங்குகிறது, காரணமும் பட்டியலில் இருக்கிறது என்றால் முழுத்தொகையும் கிடைக்கும். மூன்றில் ஒரு பேரம் முறியும் சந்தையில் 75 பவுண்டுக்கு இப்படி ஒரு பாலிசியை நிறுவனங்கள் எப்படி விற்க முடிகிறது என்று யோசித்தால் விடையும் தெரிந்துவிடும். முறிவுகளில் கணிசமானவை வாங்குபவரே விலகியவை. இன்னும் பல, செலவு பெரிதாவதற்கு முன்பே முறிந்தவை. மீதி பல, காலக்கெடு தாண்டியவை.

அந்தக் காலக்கெடுதான் கவனிக்க வேண்டிய இடம். பாலிசியை விலை ஒத்துக்கொள்ளப்பட்ட சில நாட்களுக்குள், பெரும்பாலும் சொலிசிட்டரை நியமித்த கையோடு எடுத்தாக வேண்டும். தாமதித்தால் தரமாட்டார்கள். எடுத்த பிறகு 120 நாள் அல்லது 180 நாள் என்று ஆயுள். வீடு கைமாற நான்கைந்து மாதம் ஆகும் ஊரில் 120 நாள் பாலிசி, ஆபத்து உச்சத்தில் இருக்கும் வாரத்தில் காலாவதியாகிவிடலாம். செயின் நீளமாக இருந்தால் 120 நாள் பாலிசிக்குக் கொடுக்கும் காசு வீண் என்றே சொல்லிவிடலாம். சர்ச் முடிவுகளுக்கும் ஆயுள் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் பழையது என்றால் வங்கிகள் பொதுவாக ஏற்பதில்லை. மறுபடி எடுக்கும் செலவைப் பாலிசி ஏற்காது, ஏனென்றால் பேரம்தான் இன்னும் முறியவில்லையே.

நோயை விட்டுவிட்டுச் செலவுக்கு மட்டும் மருந்து தேடுவானேன் என்று கேட்பவர்களுக்கு, அரசு ஒருமுறை முயன்றது என்பது தெரிந்திருக்க வேண்டும். 2007 ஆகஸ்ட்டில் ‘ஹோம் இன்ஃபர்மேஷன் பேக்’ என்ற திட்டம் வந்தது. பத்திர விவரம், சர்ச், எரிசக்திச் சான்று எல்லாவற்றையும் விற்பவரே தன் செலவில் திரட்டி, வீட்டைச் சந்தைக்குக் கொண்டுவரும்போதே கொடுக்க வேண்டும். முதலில் நான்கு படுக்கையறை வீடுகளுக்கு, அந்த ஆண்டு முடிவதற்குள் எல்லா வீடுகளுக்கும். ஆனால் அதன் உயிர்நாடியாக இருக்க வேண்டிய வீட்டு நிலை அறிக்கையைக் கட்டாயமில்லை என்று 2006இலேயே கழற்றிவிட்டிருந்தார்கள். கூரை ஒழுகுமா என்று சொல்லாத கோப்பை நம்பி யார் வீடு வாங்குவார்? வாங்குபவர்கள் மறுபடி சர்வே எடுத்தார்கள், விற்பவர்கள் வீண்செலவு என்றார்கள். 2010 மே மாதம் புதிய கூட்டணி அரசு வந்த சில நாட்களிலேயே திட்டம் நிறுத்தப்பட்டது. எரிசக்திச் சான்று மட்டும் மிஞ்சியது.

எல்லைக்கு அப்பால் ஸ்காட்லாந்து இதையே வேறு விதமாகச் செய்தது. 2008 டிசம்பர் முதல் அங்கே விற்பவர்தான் ‘ஹோம் ரிப்போர்ட்’ தர வேண்டும், அதில் சர்வேயர் எழுதிய வீட்டு நிலை அறிக்கையும் மதிப்பும் உண்டு. விலை கேட்பதே சொலிசிட்டர் மூலமாக எழுத்தில் நடக்கிறது. ஒருவர் விலையை ஏற்றபின் இன்னொருவரின் கூடுதல் விலைக்குக் கட்சிக்காரர் தாவ நினைத்தால், அவருக்காகத் தொடர்ந்து வேலை பார்க்கக் கூடாது என்று சொலிசிட்டர்களுக்கு அவர்கள் சங்கமே வழிகாட்டியிருக்கிறது. கஸம்பிங் அங்கே அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் அரிது.

இங்கிலாந்தில் 2025 அக்டோபரில் அரசு மறுபடி ஒரு கலந்தாய்வைத் தொடங்கியது. விவரங்களை விற்பவர் முன்கூட்டியே தருவது, இரு தரப்பையும் முன்னதாகவே கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்கள் ஆகியவை அதில் முன்வைக்கப்பட்டன. பழைய தோல்வி எல்லாருக்கும் நினைவிருப்பதால் எஸ்டேட் ஏஜென்ட்டுகளும் சொலிசிட்டர்களும் எச்சரிக்கையாகவே பேசுகிறார்கள்.

ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் குரொய்டனிலும் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்களின் இரண்டாம் தலைமுறை, சென்னையிலிருந்து போன மென்பொருள்காரர்கள், மருத்துவமனைகளில் வேலை பார்ப்பவர்கள். விலை பேசி முடித்ததுமே வீடு கிடைத்துவிட்டது என்று ஊருக்குப் போன் போட்டு, பால் காய்ச்ச நாள் பார்க்கச் சொல்பவர்கள் இவர்களில் உண்டு. எக்ஸ்சேஞ்ச் ஆகும் வரை பொறுப்பது நல்லது.

இவர்களில் யாருக்கு இந்தப் பாலிசி தேவை? ‘பேரம் முடிந்தால்தான் கட்டணம்’ என்ற ஏற்பாட்டில் வேலை செய்யும் சொலிசிட்டர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் சட்டக்கூலி ஏற்கெனவே பாதுகாப்பில் இருக்கிறது, சர்ச் செலவு மட்டும் கையைக் கடிக்கும். அதன் பிறகு பாலிசி காப்பது சர்வேயையும் வங்கிக் கட்டணத்தையும்தான். காலி வீட்டை, செயின் இல்லாமல் வாங்குபவர் யோசித்துச் செய்யலாம். நீண்ட செயினில், போட்டி அதிகமுள்ள பகுதியில், சேமிப்பின் கடைசிப் பவுண்டு வரை டெபாசிட்டுக்கு ஒதுக்கிவைத்திருக்கும் முதல் வீட்டுக்காரர் 180 நாள் பாலிசியாகப் பார்த்து எடுப்பதே சரி. எஸ்டேட் ஏஜென்ட் நீட்டும் படிவத்தில் உடனே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வேறிடத்தில் அதே பாலிசி மலிவாகக் கிடைக்கலாம்.

எடுத்த பிறகும் படித்துப் பார்க்க அவகாசம் உண்டு. இத்தகைய பாலிசியை 14 நாட்களுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்த நாட்களில் காப்பு எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது, வங்கி மறுத்தால் என்ன கடிதம் கேட்பார்கள், செயினில் வேறொருவர் விலகினால் பணம் உண்டா என்ற மூன்றையும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பணம் தர மறுத்தால் முதலில் நிறுவனத்திடமே புகார் செய்யலாம். 8 வாரத்தில் தீர்வு வராவிட்டாலோ, வந்த தீர்வு திருப்தியாக இல்லாவிட்டாலோ நிதிச் சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். அங்கே புகார் செய்பவருக்குக் கட்டணம் எதுவும் இல்லை.